"எனக்கு அப்புறம்…" என்று பெரியவர்கள் தொடங்கும்போது: வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர்கள் தமக்குப் பின் எதை விட்டுச்செல்ல விரும்புகிறார்கள், அதை அவர்களிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படிக் காப்பது என்ற கேள்விகளோடு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சொத்து, சமையல் குறிப்பு, கண் தானம், கோயில் கட்டளை என்று பலவும் அவற்றில் இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறோம்.

*

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. "உங்களுக்குப் பிறகு என்ன செய்யணும்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டால், "ஏன், நான் எப்போ போவேன்னு காத்துக்கிட்டிருக்கியா?" என்று கோபப்படுகிறார். அண்ணனோ, நான் சொத்துக்கு அடிபோடுகிறேன் என்று நினைக்கிறார். பேச்சை எப்படித்தான் எடுப்பது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அண்ணனிடம் பேசுங்கள். அப்பாவிடம் நீங்கள் தனியாகக் கேட்டது பின்னர் அண்ணனுக்குத் தெரியவந்தால், நல்ல எண்ணத்தோடு கேட்டதும் சதியாகத்தான் தெரியும். "அப்பாவோட பழைய கதையையும் அவர் மனசுல இருக்கறதையும் எழுதி வைக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்கண்ணா. சொத்துப் பேச்சு இதுல கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். ஆசைகளைக் கேட்கும் நாள் வேறு, பத்திரம் பேசும் நாள் வேறு. இரண்டையும் ஒரே உட்காரலில் முடிக்கப் பார்ப்பதால்தான் பல வீடுகளில் பேச்சு முறிகிறது.

அடுத்தது நேரம். தீபாவளி, பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்கலாம் என்று தோன்றும். அது சரியான நேரமில்லை. பத்துப் பேர் முன்னால் தம் மனசைத் திறக்கிறவர்கள் குறைவு. மருமகன், மருமகள் முன்னால் இன்னும் குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்திலும் கேட்காதீர்கள். "டாக்டர் என்னமோ சொல்லியிருக்கார், எங்கிட்ட மறைக்கிறாங்க" என்ற சந்தேகம் வரும். சாதாரணமான ஒரு நாளில், காலைக் காபிக்குப் பிறகு, நீங்களும் அவரும் மட்டும் இருக்கும்போது முக்கால் மணி நேரம் போதும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் பழைய ஆல்பமோ அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ இருந்தால் பேச்சு தானாக நடக்கும்.

"உங்களுக்குப் பிறகு" என்று தொடங்க வேண்டாம். அவர் செய்து முடித்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். "இந்த வீட்டுக்கு நிலம் வாங்கினப்ப பணம் எப்படிப் புரட்டினீங்க?" "தாத்தாகிட்ட கத்துக்கிட்டதுல இன்னைக்கும் நீங்க விடாம செய்யறது எது?" "நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு எது தெரியாமப் போயிடக்கூடாதுன்னு நினைக்கறீங்க?" மூன்றாவது கேள்விதான் நீங்கள் கேட்க வந்த கேள்வி. அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்காவது அவர் நிதானமாகப் பதில் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

பெரும்பாலான பெரியவர்கள் இந்தப் பேச்சைத் தாமே பலமுறை எடுத்திருப்பார்கள். "எனக்கு அப்புறம் இந்தப் பூஜையை யாரு பண்ணப்போறாங்களோ", "இந்த வளையல் சின்னவளுக்குத்தான்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை விழும். உடனே நாம், "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று அடக்கிவிடுவோம். பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டவர், இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசக்கூடாது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார். அடுத்த முறை அப்படி ஒரு வார்த்தை விழும்போது, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு, "ஏம்பா அவளுக்குன்னு நினைச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பேசும்போது ஆண்டையும் பெயரையும் திருத்தாதீர்கள். "அது 71 இல்லப்பா, 73" என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாவது கதை வராது. பேசி முடித்த அன்று இரவே பத்து வரி எழுதிவையுங்கள். அடுத்த வாரம் அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் மாற்றினால் மாற்றி எழுதுங்கள். முதல் முறை சொன்னதைவிட, கேட்டுத் திருத்திச் சொன்னதுதான் அவருடைய உண்மையான விருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் கோபப்பட்டு எழுந்து போனால் போகட்டும். ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: 86 வயதுப் பாட்டி பேசுவதை செல்போனில் பதிவு செய்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. தவிர, எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. சரியாகப் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்.
- வாசகர், மதுரை

பதில்: செல்போனே போதும். அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பாட்டியின் வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். ஃபேனை நிறுத்த முடியாத வெயில் என்றால் விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும் அறை வேண்டாம். துணிமணி, மெத்தை நிறைந்த படுக்கையறையில் எதிரொலி அடங்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் இருந்தால் நல்லது; ஆனால் தாலிச் சங்கிலியோ கொசுவமோ அதில் உரசாமல் பார்க்க வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். நின்றது நமக்குத் தெரியாது.

முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள். 'வேவ்' (சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில் மோனோவாக (ஒற்றைத் தடத்தில்) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்.பி.க்குச் சற்று மேல் ஆகும். இடமிருந்தால் அதுவே நல்லது. ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் குரல் களைத்துவிடும், கதையும் சுருங்கிவிடும். அவர் பேசும்போது "ம்ம்", "ஆமாமா" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்திய பிறகும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பல சமயம் நல்ல பகுதி அந்த ஐந்துக்குப் பிறகுதான் வரும்.

வருஷத்தை நேராகக் கேட்காதீர்கள். ஊரே அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். கடையில் அணாவா, நயாபைசாவா? 1957 ஏப்ரலில்தான் நயாபைசா வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பள்ளிக்கூடம் மூடினார்களே, அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அது 1965. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர். அப்போது மூத்த பிள்ளை நடந்துகொண்டிருந்தானா, கைக்குழந்தையா? இப்படிக் கேட்டால் ஓரிரு வருஷத்துக்குள் கணக்கு வந்துவிடும். பாட்டி தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் சுலபம். "விரோதி வருஷம் ஆடி" என்றால் அது 1949 ஜூலை - ஆகஸ்ட். அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் அதே பெயர் திரும்பும் என்பதால் குழப்பம் வராது.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் "என்னத்தச் சொல்றது" என்றுதான் பதில் வரும். பிறந்த வீட்டு அடுப்படி எந்தத் திசையில் இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடி வாங்கியது யாரிடம் என்று இடத்தையும் பொருளையும் கேளுங்கள். பாட்டியின் தங்கை இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து ஒருமுறை உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். அந்தச் சண்டையில் வருகிற விவரம் தனித்தனியாகக் கேட்டால் வராது.

கோப்புக்கு 2025-06-14-பாட்டி-பிறந்தவீடு என்கிற மாதிரி பெயர் வையுங்கள். மூன்று பிரதி இருக்க வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் அல்லது கிளவுடில். ஹார்ட் டிஸ்கை அலமாரியில் பூட்டி வைத்து மறந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து, கோப்புகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

பழைய புகைப்படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ எழுத்தோ இருந்தால் அதையும். பெயர்களைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு விடும். லேமினேட் செய்யவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பசையில் ஒட்டிய ஆல்பங்கள் படத்தை மெல்லத் தின்றுவிடும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். வராவிட்டால் வற்புறுத்தாமல், ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

*

கேள்வி: அம்மா பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதை, தன்னைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கே கொடுக்க விரும்புகிறார். "இப்பவே எழுதிக் குடுத்துட்டா நிம்மதி" என்கிறார். செட்டில்மெண்டா, உயிலா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானால் வீடு அன்றைக்கே தம்பிக்குப் போய்விடும், மனம் மாறினால் அம்மா மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. உயில் அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அம்மாவுக்கு வேறு வருமானமோ வேறு வீடோ இல்லை என்றால், எங்கள் கருத்து உயில்தான். தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தம்பிக்கு ஏதாவது நேர்ந்தால் வீடு தம்பியின் வாரிசுகளுக்குப் போகும். அம்மா அவர்களை அண்டி நிற்க வேண்டிவரும்.

செட்டில்மெண்ட்தான் என்று அம்மா உறுதியாக இருந்தால், இரண்டு வரிகள் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அம்மாவுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. அம்மாவின் பராமரிப்பு, மருத்துவச் செலவைத் தம்பி ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தரப்படுகிறது என்பது இன்னொன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆவது பிரிவின் கீழ், பார்த்துக்கொள்ளவில்லை என்று கோட்டாட்சியரிடம் மனுச் செய்து பத்திரத்தைச் செல்லாததாக்க அந்த நிபந்தனைதான் பிடிமானம். "அன்பின் காரணமாக" என்று மட்டும் எழுதிய பத்திரங்கள்தான் வழக்குகளில் தடுமாறுகின்றன.

உயில் என்றால் முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். கையாலும் எழுதலாம். அம்மா கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அம்மாவின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உயிலால் பலனடையாதவர்களாகவும் அம்மாவைவிட வயது குறைந்தவர்களாகவும் இருக்கட்டும். நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டிவரலாம். அம்மா வயதுத் தோழிகளைச் சாட்சியாகப் போட்டால் அந்த நாளில் இருவருமே இல்லாமல் போகலாம். சாட்சியிடம் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பிழை. "அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை" என்று சாட்சி சொன்ன நொடியில் உயில் ஆட்டம் காண்கிறது.

வீட்டைக் கதவு எண்ணால் மட்டும் குறிக்காதீர்கள். சர்வே எண், கிரயப் பத்திர எண், ஆண்டு, நான்கு எல்லை எல்லாம் வேண்டும். நகை, வங்கி இருப்பு போல உயிலில் பெயர் சொல்லாத மற்றவை யாருக்கு என்று ஒரு பொது வரியும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். அம்மா இருக்கும்வரை அதன் நகலை வேறு யாரும் வாங்க முடியாது, வில்லங்கச் சான்றிலும் அது தெரியாது. பதிந்த உயிலையும் பின்னால் எழுதும் உயில் மாற்றிவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இந்துக் குடும்பம் என்றால், உயில் எழுதாவிட்டால் அம்மாவின் வீடு அப்பாவுக்கும் மகன், மகள் எல்லோருக்கும் சம பங்காகப் போகும். எனவே தம்பிக்கு மட்டும் என்பது உங்கள் பங்கை அம்மா எடுத்துத் தருவது போலத்தான். அதற்கான காரணத்தை அம்மா தம் வாயால் உங்கள் எல்லோரிடமும் ஒருமுறை சொல்லிவிட்டால் பல வழக்குகள் பிறக்காது. உயிலிலேயே இரண்டு வரியில் காரணம் எழுதலாம். இஸ்லாமியக் குடும்பங்களில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும்.

*

கேள்வி: அப்பா எல்லா வங்கிக் கணக்குக்கும் என்னை நாமினியாகப் போட்டிருக்கிறார். இதுவே போதுமா?
- வாசகர், வேலூர்

பதில்: போதாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ளவர், அவ்வளவுதான். பணம் உயில்படி, உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைப்படி பிரிய வேண்டும். உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் தாய், உயிரோடு இருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் மனைவி, மக்களுக்குச் சமமான பங்கு உண்டு. இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். அப்பாவே மறந்துபோன பழைய கணக்கு ஏதும் இருக்குமோ என்று தோன்றினால் ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

*

கேள்வி: மாமியார் அரைக்கும் குழம்பு மிளகாய்த்தூள் எங்கள் குடும்பத்துக்கே பெயர் வாங்கித் தந்தது. அளவு கேட்டால் "கைத்திட்டம்தான்" என்கிறார். எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவருக்கும் ஆசை. ஆனால் நான் செய்தால் அந்த ருசி வரவில்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: அவரிடம் அளவு கேட்காதீர்கள். அவர் கையை அளந்துகொள்ளுங்கள். சமையலறைத் தராசில் அகலமான பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அவர் வழக்கம்போல் மல்லியைப் போடட்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி பூஜ்யமாக்குங்கள். அடுத்து மிளகாய், பிறகு சீரகம், சோம்பு என்று ஒவ்வொன்றாக. குறுக்கே பேசக்கூடாது, "எவ்வளவு அத்தை?" என்று கேட்டதும் அவர் யோசிக்க ஆரம்பிப்பார், கைத்திட்டம் மாறிவிடும். மூன்று முறை அரைக்கும்போது மூன்று முறையும் இப்படி எடுத்துச் சராசரி பாருங்கள். மிளகாயைக் காம்பு கிள்ளி, வெயிலில் காய்ந்த பிறகு நிறுத்த எடைதான் கணக்கு. காயாத மிளகாயை நிறுத்தால் அதிலிருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள். அடுத்த முறை தூளில் காரம் மாறிப்போகும்.

அவர் ஆழாக்கால் அளப்பவர் என்றால் அந்த ஆழாக்கையே தண்ணீர் ஊற்றி மில்லிலிட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அது வேறுபடும். தலை தட்டி அளக்கிறாரா, கோபுரமாகக் குவிக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். மல்லிக்குக் குவித்துச் சீரகத்துக்குத் தட்டுகிறவர்கள் உண்டு. நீங்கள் இரண்டையும் தட்டி அளந்திருப்பீர்கள். ருசி வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வறுப்பதற்கு நிமிடக் கணக்கு உதவாது. அடுப்பும் வாணலியும் மாறினால் அது பொய்த்துவிடும். வாணலிக்கு நேர் மேலே போனைப் பிடித்து வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. மல்லி எந்த நிறத்தில் இறங்குகிறது, வெந்தயம் எப்போது விழுகிறது, எதைச் சூடு ஆறிய பிறகு சேர்க்கிறார் என்று பாருங்கள். இறக்கும்போது மட்டும், "இப்ப ஏன் இறக்குனீங்க?" என்று கேளுங்கள். "வாசம் வந்திருச்சு", "கையில ஒட்டல" என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மில்லில் அரைக்கிறார் என்றால் எந்த மில், எத்தனை ஓட்டு, அரைத்த சூட்டில் மூடுகிறாரா, பரப்பி ஆறவைக்கிறாரா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். நாலாவது முறை நீங்கள் செய்யுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

*

கேள்வி: எங்கட அம்மம்மாவுக்கு 84 வயது. யாழ்ப்பாணத்தில வீடும் காணியும் இருந்தது. இடம்பெயர்ந்தபோது உறுதி (காணிப் பத்திரம்), படங்கள் எல்லாம் துலைஞ்சு போச்சு. "பிள்ளையளுக்குக் குடுக்க என்னட்ட ஒண்டும் இல்லை" எண்டு சொல்லி அழுகிறா. நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: அம்மம்மாவோடு ஒரு பெரிய தாளை விரித்து உட்காருங்கள். வீட்டைக் கீறச் சொல்லுங்கள்: படலை எங்கே, கிணறு எங்கே, குசினி, மா மரம், பக்கத்து வளவு யாருடையது, கோயிலுக்கு எந்த ஒழுங்கையால் போனது. அவருக்குக் கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் கீறுங்கள். படம் வளர வளர ஆட்களின் பெயர்கள் வரும். கீறும்போது பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். போர்க்காலத்தை நீங்களாகக் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடம், திருவிழா, பனங்காய்ப் பணியாரம் என்று முந்தைய காலத்திலிருந்து தொடங்குங்கள். 1995 அக்டோபர் இடம்பெயர்வை அவராக எடுத்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். "போதும்" என்று சொன்னால் உடனே பதிவை நிறுத்துங்கள், "இன்னும் கொஞ்சம்" என்று கேட்காதீர்கள்.

உறுதி துலைந்தால் காணியும் துலைந்ததாக அர்த்தமில்லை. இலங்கையில் நொத்தாரிசு (நோட்டரி) முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, காணியின் பெயர், ஊர், பரப்புக் கணக்கு இவற்றைக் கொண்டு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடி, உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். காணியின் பெயர்தான் திறவுகோல். அது அம்மம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடும், அதனால் முதல் நாளே கேட்டு எழுதிவிடுங்கள். அது முதுசமா (முன்னோர் வழி வந்ததா), சீதனமா, தேடிய தேட்டமா (மண வாழ்வில் சம்பாதித்ததா) என்றும் கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி உரிமை அதைப் பொறுத்து மாறும். வேறொருவர் குடியிருந்தால் தாமதிக்காமல் அங்குள்ள சட்டத்தரணியைப் பாருங்கள். பத்து ஆண்டு எதிர்ப்பில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோர இலங்கைச் சட்டத்தில் வழி உண்டு. அந்தக் காணிக்கு இலங்கைச் சட்டப்படி மரணசாதனம் (உயில்) எழுதுவதானால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள்.

கல்யாணப் படங்களுக்கு, அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த உறவுகளிடம் கேளுங்கள். லண்டனிலோ பாரிசிலோ கொழும்பிலோ யாரோ ஒருவருடைய ஆல்பத்தில் அம்மம்மா நிற்பார். பள்ளி மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஊர்ச் சங்க வெளியீடுகள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன; ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

*

கேள்வி: தாத்தா தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர விரும்புகிறார். கண்ணையும் கொடுக்க வேண்டும் என்கிறார். அத்தைகளுக்குச் சம்மதமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் போதாதா?
- வாசகர், திருச்சி

பதில்: அந்த நேரத்தில் உடலை ஒப்படைக்க வேண்டியது குடும்பம்தான், அத்தைகள் மறுத்தால் படிவம் இருந்தும் பயனில்லாமல் போய்விடும். தாத்தாவே அவர்களை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பயம் பெரும்பாலும் காரியம் செய்ய முடியாதே என்பதாக இருக்கும். உடல் இல்லாமலும் பத்தாம் நாள், பதினாறாம் நாள் காரியங்களைச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் புரோகிதரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும். துறையின் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். இயற்கை மரணம் என்றால் மருத்துவர் தரும் இறப்புச் சான்று இல்லாமல் கல்லூரி வாங்காது. வீட்டுக்கு வந்து சான்று தரக்கூடிய மருத்துவர் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும் சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்க மாட்டார்கள்.

கண்ணுக்கு நேரம் முக்கியம்: ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடனே கண் வங்கியைக் கூப்பிடுங்கள். எண் தெரியாவிட்டால் 104. இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஏ.சி. இருந்தால் ஓடட்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். வயது, கண்ணாடி, சர்க்கரை, கண்புரை அறுவை எதுவும் தடையில்லை. அரை மணிக்குள் வேலை முடியும், முகம் மாறாது. கண் தந்த பிறகும் பொதுவாக உடலைக் கல்லூரி ஏற்கும்.

*

கேள்வி: குலதெய்வக் கோயிலில் தன் பெயரில் ஒரு நாள் அன்னதானம் நடக்க அம்மா ஒரு தொகை போட விரும்புகிறார். கவனிக்க வேண்டியது என்ன?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தொகையை முதலீடு செய்து வட்டியில் நடத்துவது வழக்கம். வட்டி கூடாமல் அரிசி விலை மட்டும் கூடுவதால் பழைய கட்டளைகள் பல பெயரளவில் நிற்கின்றன. இன்றைய செலவைக் கேட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கு வட்டி வரும்படி போடுங்கள். மிஞ்சும் வட்டியை அசலோடு சேர்க்கச் சம்மதமா என்று கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நாள் ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா, திதியா என்பதும் ரசீதில் இருக்கட்டும். ரசீதின் நகல் அடுத்த தலைமுறையில் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.

*

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோயின் ஆரம்பம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனிமேல் அவருடைய விருப்பத்தைக் கேட்பதில் அர்த்தம் உண்டா?
- வாசகர், சென்னை

பதில்: நிச்சயம் உண்டு. இந்த வாரமே தொடங்குங்கள். உயிலைப் பொறுத்தவரை, கையெழுத்திடும் நேரத்தில் தான் செய்வது என்னவென்று அம்மாவுக்குப் புரிகிறதா என்பதுதான் சட்டம் பார்ப்பது. நோயின் பெயர் மட்டும் தடையாகாது. அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்று வாங்குங்கள். முடிந்தால் அந்த மருத்துவரே ஒரு சாட்சியாக இருக்கட்டும். என்னென்ன சொத்து, யார் யாருக்கு, ஏன் என்று அம்மா தம் சொல்லில் சொல்வதை வீடியோ எடுங்கள். அலுவலகம் போக முடியாவிட்டால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிய விண்ணப்பிக்கலாம். அன்று காலையில் அம்மா குழம்பியிருந்தால் தள்ளிவையுங்கள். "எப்படியாவது இன்னைக்கே" என்று முடித்த பத்திரம்தான் பின்னால் வழக்காகும். கடைசிக்கட்ட சிகிச்சையில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பது போன்ற விருப்பத்தையும் எழுதிவைக்கலாம். உச்சநீதிமன்றம் 2018-இல் இதை ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும்.

மற்றப் பேச்சுக்குக் காலை நேரம் நல்லது. பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். "ஞாபகம் இருக்காம்மா?", "இது யாரு சொல்லுங்க?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை, தோற்றால் அம்மா வாயை மூடிக்கொள்வார். படத்தைக் காட்டி, "இது பெரியம்மா கல்யாணம், நீங்க பச்சைப் புடவை" என்று விடையை நீங்களே சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் பயன்படுத்திய அரிவாள்மனை, மருதாணி வாசம், கோலமாவு என்று கையில் எதையாவது கொடுங்கள். சொல் வராதபோது கை வேலை செய்யும், அதை வீடியோ எடுங்கள். ஒரே கதையை நான்காவது முறை சொன்னாலும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெயரோ ஒரு தெருவோ புதிதாக விழும். பிறகு நாலையும் அடுத்தடுத்து வைத்து எழுதிக்கொள்ளலாம்.

"இதை யாருக்குக் கொடுக்கணும்?" என்று ஒவ்வொரு பொருளாகக் கேட்டு, அவர் சொன்ன பெயரைச் சின்னச் சீட்டில் எழுதி அந்தப் பொருளோடு நூலால் கட்டிவிடுங்கள். அடுத்த மாதம் அதே பொருளைக் காட்டிக் கேளுங்கள். பெயர் மாறினால் சண்டை வேண்டாம். இரண்டு தேதியையும் சீட்டில் எழுதுங்கள்.